தராசும் தர்பாரும்

கல்லாலான சிலையைக் கண்டு, 'இதை வைத்தவன் யார்? எதற்காக வைத்தான்?' என்று கேட்டவர்கள் நாம். கேட்டதனால் ஏச்சும் பேச்சும் பெற்றவர்கள். ஆனால் அந்தத் துணிவு நீதிமன்றத்தின் படிக்கட்டுக்கு வந்ததும் தயங்குகிறதே, ஏன்? கறுப்பு அங்கியைக் கண்டதும் கைகட்டி, வாய் பொத்தி நிற்கிறதே, ஏன்? நீதிபதி வானத்திலிருந்து இறங்கியவரல்லர். எவரோ பரிந்துரைக்க, எவரோ ஒப்ப, எவரோ கையெழுத்திட, அந்த நாற்காலிக்கு வந்தவர். அந்தக் கையெழுத்து யாருடையது, எந்த நேரத்தில், எந்த நோக்கத்தோடு இடப்பட்டது என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. பகுத்தறிவாளன் தவறாமல் செய்யவேண்டிய கடமை அது.

இந்தக் கடமையைச் செய்யப் புகுவோர் படித்தே ஆகவேண்டிய நூல் ஒன்று உண்டு. மோகன் குமாரமங்கலம் 1973ல் ஆங்கிலத்தில் எழுதிய, நீதிபதி நியமனங்கள் பற்றிய நூல். நூலாசிரியர் நமக்கு அயலாரல்லர். அன்றைய சேலம் மாவட்டத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராயிருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, பொதுவுடைமைக் கட்சியில் உழைத்து, சென்னை அரசின் தலைமை வழக்கறிஞராயிருந்து, பின் டில்லியில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானவர். அறிவிலே குறைந்தவர் எழுதிய நூலல்ல இது. ஆகவேதான் ஆராயவேண்டியிருக்கிறது.

நூல் பிறந்த கதை இது. 1973 ஏப்ரல் 24. கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் தீர்ப்புக் கூறினர். அரசியல் சட்டத்தைத் திருத்தலாம். அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்றனர் எழுவர். அவ்வித எல்லை இல்லை என்றனர் அறுவர். மறுநாள், தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெறும் வேளை. அடுத்து வரவேண்டியவர் ஷெலத், அவருக்குப்பின் ஹெக்டே, அவருக்குப்பின் குரோவர். மூவரும் எழுவர் அணியினர். மூவரையும் தாண்டி, நான்காமவரான ஏ. என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். ரே, அறுவர் அணியினர். 1970ல் வங்கி நாட்டுடைமை வழக்கில் பத்துப்பேர் ஒருபுறம் நிற்க, தாம் மட்டும் தனித்து நின்று சர்க்காரின் சட்டம் செல்லும் என்றவர். தாண்டப்பட்ட மூவரும் பதவி விலகினர்.

நாடாளுமன்றத்தில் புயல் எழுந்தது. சட்ட அமைச்சரை விடவும் உரக்க, உறுதியாக, ஒளிவுமறைவின்றி விடையளித்தவர் எஃகு அமைச்சர் குமாரமங்கலம். அவர் வாதத்தின் சாரம் இது: நீதிபதி எந்திரமல்லர். அவருக்கென்று வாழ்க்கை நோக்கு உண்டு, சமுதாயப் பார்வை உண்டு. ஜமீன் கண்ணோடு சட்டத்தைப் பார்ப்பவர் ஒரு பொருள் காண்பார். ஏழையின் கண்ணோடு பார்ப்பவர் வேறு பொருள் காண்பார். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு, காலத்தின் போக்கறிந்த ஒருவரைத் தலைமைக்குத் தேர்ந்தெடுப்பதில் தவறென்ன? மூப்பு என்பது வேதவாக்கா?

தோழர்களே! இந்த வாதத்தைக் கேட்கும்போது நம் நெஞ்சும் சற்று அசையத்தான் செய்கிறது. அசையாதென்று சொன்னால் அது பொய். நீதிமன்றத்தின் கையால் அடிபட்டவர்கள் அல்லவா நாம்! சுப்பராயன் அமைச்சரவைக் காலத்தில், 1928ல், முத்தையா முதலியார் முயற்சியால் நிலைபெற்ற வகுப்புவாரி உரிமை, வழிவழியாக வளர்ந்து வந்தது. 1951ல் செண்பகம் துரைராசன் வழக்கில், ஏழு நீதிபதிகள் அமர்ந்து அதை ஒரே தீர்ப்பில் வீழ்த்தினர். எழுத்தறிவு எட்டாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியின் கதவு சற்றே திறந்திருந்தது. 'சமத்துவம்' என்ற சொல்லாலேயே அதைச் சாத்தினார்கள். தந்தையின் ஆட்சியில் தழைத்ததை நீதிமன்றம் வெட்டியது. மகனோ நீதிபதியின் நோக்கைப் பார்த்தே நியமிக்கவேண்டும் என்கிறார். 'சரிதானே, நம்மவர் ஒருவர் அங்கே இருந்தால்' என்று எண்ணத் தோன்றும்.

அந்த 'நம்மவர்' என்ற சொல்லிலேதான் வழுக்கல் இருக்கிறது.

1951ல் நாம் செய்தது என்ன? தீர்ப்பளித்த நீதிபதியை மாற்று என்றா கேட்டோம்? இல்லை. தெருவிலே திரண்டோம், கூட்டங்களிலே முழங்கினோம், தமிழகம் கொதித்தது. அந்தக் கொதிப்பு டில்லிக்கு எட்டியது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற விதி பிறந்தது. தீர்ப்புத் தவறென்றால் சட்டத்தைத் திருத்து என்றோம். நீதிபதியைத் திருத்து என்று சொல்லவில்லை. முதலாவதற்கு மக்கள் வேண்டும், மன்றம் வேண்டும், வாதம் வேண்டும். இரண்டாவதற்கு ஓர் இரவும் ஒரு பேனாவும் போதும்!

'1973ல் திருத்தும் வழியையே அல்லவா நீதிமன்றம் அடைத்துவிட்டது?' என்று குமாரமங்கலத்தின் கட்சியினர் கேட்கலாம். அடைக்கவில்லை. அடிப்படை உரிமைகளைத் திருத்தவே இயலாது என்றது 1967ன் கோலக்நாத் தீர்ப்பு. அதைக் கைவிட்டதே கேசவானந்த பாரதி வழக்கில்தான்! கேரளத்து நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பாதுகாப்பளித்த திருத்தமும் அன்று நிலைத்தது. ஆக, உழவனுக்கு நிலம் தரும் பாதை திறந்தே இருந்தது. அடைபட்டது, ஆள்பவர் தம்மிச்சைப்படி அனைத்தையும் மாற்றும் பாதை ஒன்றுதான்.

நூலின் இன்னொரு தூண், சேதல்வாட் தலைமையில் சட்டக் குழு 1958ல் தந்த அறிக்கை. தலைமை நீதிபதி பதவிக்கு மூப்பு மட்டுமே அளவுகோலாகாது என்று அது கூறியது உண்மை. ஆனால் அதே அறிக்கை, நெஞ்சுரம் மிக்கவராய், நீதித்துறையின் தனித்தன்மைக்குக் காவலராய் நிற்கக்கூடியவரே அங்கு வேண்டும் என்றும் கூறியது. முதற்பாதியைப் பிடித்துக்கொண்டு மறுபாதியை நழுவவிட்டார் நூலாசிரியர். அறிக்கைக்குத் தலைமை தாங்கிய சேதல்வாட்டே 1973ன் நியமனத்தைக் கண்டித்தார் என்றால், அறிக்கையின் பொருளை இதற்குமேல் விளக்கவேண்டியதில்லை.

தாண்டப்பட்ட மூவரையும் தெய்வங்களாக்கிப் பல்லக்கில் ஏற்றவும் நாம் தயாரில்லை. ஹெக்டே, நீதிபதியாவதற்கு முன் மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினர். பதவி விலகிய பின் 1977ல் ஜனதா கட்சியின் சார்பில் மக்களவைக்குச் சென்று, சபாநாயகரும் ஆனார். கட்சியின் வாசலிலிருந்து நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து கட்சிக்குமாக ஓர் ஒற்றையடிப்பாதை எப்போதும் இருந்தது. 'அரசியலே தீண்டாத நீதிபீடம்' என்பது புராணம். அதையும் நம்பாதிருப்போம். குற்றம், நீதிபதிக்கு நோக்கு உண்டு என்று குமாரமங்கலம் சொன்னதில் இல்லை. அந்த நோக்கை நிறுத்துப் பார்க்கும் உரிமையை, அந்த நீதிமன்றத்தில் வழக்காடும் முதல் கட்சிக்காரனான ஆட்சியாளனிடமே கொடுத்தாரே, அதில் இருக்கிறது.

விளைவு தெரிய மூன்றாண்டு போதுமாயிருந்தது. நூலாசிரியர் அதைக் காணவில்லை. 1973 மே 31ல் டில்லி அருகே நடந்த விமான விபத்தில் மாண்டார். நாடு கண்டது. 1975ல் நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31ல் தமிழகத்தின் கழக ஆட்சி கலைப்பு. 'மிசா'வின் பெயரால் தோழர்கள் சென்னை மத்தியச் சிறைக்குள் தள்ளப்பட்டு, அடியும் உதையும் பட்ட கொடுமை. 'எதற்காகப் பிடித்தீர்?' என்று கேட்கும் ஆட்கொணர்வு மனுவாவது மிஞ்சியதா? ஏப்ரல் 28ல், ரே தலைமையில் அமர்ந்த ஐவரில் நால்வர், அந்தக் கதவையும் சாத்தினர். ஒருவர், எச். ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். பல உயர் நீதிமன்றங்கள் திறந்து வைத்திருந்த கதவு அது! 1977 ஜனவரியில் கன்னாவுக்குரிய தலைமைப் பதவி, அவருக்கு இளையவரான பெக்குக்குப் போயிற்று, கன்னா வெளியேறினார். அந்தத் தீர்ப்பு தவறானது என்று உச்ச நீதிமன்றமே அறிவிக்க 2017 ஆகவேண்டியிருந்தது. 41 ஆண்டு!

'முற்போக்கு நீதிபதி' என்று சொல்லிப் போட்ட பாதையில் வந்து நின்றது சிறைக் கதவு. இதுதான் நூலுக்கு வரலாறு எழுதிய மதிப்புரை.

ஆட்சியாளர்கள் பாடம் கற்றனரா? 1981ல் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நடந்தது பாருங்கள். தலைமை நீதிபதி மு. மு. இஸ்மாயில், கம்பனில் தோய்ந்த தமிழறிஞர். சென்னைச் சிறைக் கொடுமைகளை விசாரித்து அறிக்கை தந்தவர். அவரைக் கேரளத்துக்கு மாற்றி, பாட்னாவிலிருந்த கே. பி. என். சிங்கைச் சென்னைக்கு அனுப்பியது டில்லி. இஸ்மாயில் பதவியைத் துறந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1981 டிசம்பரில், சிங்கின் மாற்றல் செல்லும் என்றது பெரும்பான்மை. நியமனத்தில் இறுதிச் சொல் சர்க்காருடையதே என்றும் அந்த வழக்கில் முடிவாயிற்று.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1993ல், நீதிபதிகள் அந்த அதிகாரத்தைத் தம்மிடமே எடுத்துக்கொண்டனர். கொலீஜியம் என்ற மூத்த நீதிபதிகள் குழு பிறந்தது. தர்பார் ஒழிந்ததா? இடம் மாறியது! சட்ட அமைச்சரும் இரு சான்றோரும் இடம்பெறும் ஆணையத்தை நாடாளுமன்றம் 2014ல் அமைத்தது. 2015ல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் அதைத் தள்ளியது. 2019ல் சென்னைத் தலைமை நீதிபதி விஜயா தஹில்ரமானியை மேகாலயத்துக்கு மாற்றியது கொலீஜியம். இஸ்மாயிலைப் போலவே அவரும் விலகினார். 2021ல் சஞ்சிப் பானர்ஜிக்கும் அதே மேகாலயம். மாற்றியதற்கான காரணம் மக்களுக்கு விளக்கப்படவில்லை. கருவறைக்குள் நடக்கும் பூசையை வெளியில் நிற்பவன் கேட்கக்கூடாது என்பது பழைய வைதீகம். இது புதிய வைதீகம்!

இரண்டு தர்பாரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்ட காட்சியும் சென்னைக்கே வாய்த்தது. 2020 பிப்ரவரியில் டில்லிக் கலவரத்தின்போது, வெறுப்புப் பேச்சுப் பேசிய ஆளுங்கட்சியினர்மீது ஏன் வழக்கில்லை என்று போலீசைக் கேட்டவர் நீதிபதி முரளிதர். அன்றிரவே அவருடைய மாற்றல் ஆணை வெளிவந்தது. பரிந்துரை முன்பே ஆனது என்றது சர்க்கார். பரிந்துரை பிப்ரவரி 12லேயே ஆனது உண்மை. ஆனால் ஆணைக்கு அந்த இரவைத் தேர்ந்தது யார்? பின்னர் அவர் ஒடிசாவின் தலைமை நீதிபதியானார். சென்னையில் வழக்கறிஞராய்த் தொழில் தொடங்கிய அவரைச் சென்னைக்கே தலைமை நீதிபதியாக்கும்படி 2022 செப்டம்பரில் கொலீஜியம் பரிந்துரைத்தது. அதே தீர்மானத்தில் இருந்த மற்றொருவருக்கு ஆணை பறந்தது. முரளிதருக்கு மட்டும் மௌனம். மறுப்பும் இல்லை, ஏற்பும் இல்லை. ஏழு மாதம் பார்த்து, 2023 ஏப்ரலில் கொலீஜியம் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் அவர் ஓய்வு பெற்றார். 2022 செப்டம்பர் முதல் 2023 மே வரை சென்னை உயர் நீதிமன்றம் தற்காலிகத் தலைமையில் ஓடியது. 1973ல் இரவோடிரவாக ஆணையிட்டு வென்றனர். 2023ல் ஆணையிடாமலே வென்றனர்.

அமெரிக்காவிலே மட்டும் கட்சிக் கயிறு இல்லையா? உண்டு. 1968ல் ஜான்சன் முன்மொழிந்த ஏப் ஃபோர்டாஸ், செனட்டில் எழுந்த எதிர்ப்பால் தலைமை நீதிபதியாக முடியவில்லை. ஆனால் அங்கே விசாரணை ஊரறிய நடந்தது. எவர் எதிர்த்தார், எதற்கு எதிர்த்தார் என்பது ஏட்டில் இருக்கிறது. நம் நாட்டிலோ, கயிறும் தெரியாது, இழுப்பவன் கையும் தெரியாது.

'இதெல்லாம் வக்கீல்களின் சண்டை, ஏழைக்கென்ன?' என்போருக்கு ஒரு சொல். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அதைக் கடந்தால் கரடியூர். சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரல்லர், தமிழ் பேசும் மலைமக்கள். வெள்ளைக்காரன் காப்பித் தோட்டம் போடுமுன்பே அந்த மண்ணை உழுதவர்கள். காட்டைச் சார்ந்து வாழ்வோருக்கு உரிமை தரும் சட்டம் 2006ல் வந்தது. ஆனால் 2008ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை ஒன்று, பட்டயம் வழங்குமுன் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது 2016ல். எட்டாண்டு தமிழக மலைமக்கள் காத்துக் கிடந்தனர்! எந்த வழக்கு எந்த அமர்வுக்கு, எப்போது என்று வகுப்பவர் தலைமை நீதிபதி. அந்த நாற்காலியில் யார் அமர்வது என்பது கரடியூர்க் குடிசையின் கவலையும்தான்.

ஆகவே என்ன வேண்டும்? மூப்பே போதும் என்ற பழமையும் வேண்டாம். ஆள்வோர் விருப்பமே போதும் என்ற புதுமையும் வேண்டாம். தகுதி இன்னதென்று முன்கூட்டி எழுதப்படட்டும். தெரிவுக்கும் மறுப்புக்கும் மாற்றலுக்கும் காரணம் எழுத்தில் வெளியாகட்டும். சர்க்கார் விடையளிக்கக் கெடு விதிக்கப்படட்டும். கெடு கடந்தால் ஒப்புதல் என்று கொள்ளப்படட்டும். நீதிமன்றங்களில் பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் எத்தனைபேர் என்ற கணக்கு ஆண்டுதோறும் வரட்டும். சமுதாய நோக்குள்ள நீதிமன்றம் வேண்டுமென்றால் அதற்கு நேர்வழி இதுவே. ஓய்வுக்குப்பின் ஆளுநர் மாளிகையும் மாநிலங்களவை இருக்கையும் கிடைக்கும் வழி அடைபடட்டும். தலைமை நீதிபதியாயிருந்து 2014ல் ஓய்வு பெற்ற சதாசிவம் அதே ஆண்டில் கேரள ஆளுநரானார். 2019ல் ஓய்வு பெற்ற கோகோய் மறு ஆண்டே மாநிலங்களவை சென்றார். அவர்கள் தீர்ப்புகளை நாம் ஐயுறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஐயுறும் வாய்ப்பை ஏன் விட்டுவைக்கவேண்டும்?

குமாரமங்கலத்தின் நூலை இளைஞர்கள் படிக்கவேண்டும். நீதிபதியும் மனிதனே, அவன் நோக்கு ஆராயத்தக்கதே என்ற அதன் முதல் அத்தியாய உண்மையை ஏற்கவேண்டும். 'அப்படியானால் ஆராய்பவன் யார்?' என்று அடுத்த கேள்வியைக் கேட்கவேண்டும். நூலாசிரியர், 'ஆட்சி' என்றார். கொலீஜியம், 'நாங்கள்' என்கிறது. நாம், 'மக்கள் கண்முன்னால்' என்போம். நமக்கு வேண்டிய தீர்ப்பைத் தருவார் என்பதற்காக ஒரு நீதிபதியை நாமும் கேட்கத் தொடங்கினால், அந்தக் கணமே செண்பகம் துரைராசன் வழக்கில் பெற்ற காயத்துக்கும் நியாயம் கேட்கும் உரிமையை இழப்போம்.