இரண்டு மில்லிமீட்டர் டென்டின்

சென்னை அருகே ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998 முதல் கார்கள் வெளிவருகின்றன. அங்கே வேலை பார்க்கும் எந்த டிசைன் பொறியாளரிடமும் வேர் சிகிச்சை முடிந்த பல்லுக்கு எந்த போஸ்ட் (வேருக்குள் செருகும் தண்டு) நல்லது என்று கேட்டால், முதலில் விறைப்பைத்தான் கணக்குப் பார்ப்பார். எனாமலுக்கு உள்ளிருக்கும் டென்டினின் யங் குணகம் ஏறத்தாழ 18 கிகாபாஸ்கல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஜிர்கோனியாவும் 200ஐ ஒட்டி நிற்கின்றன. டைட்டானியம் 110 அளவில். கண்ணாடி இழை போஸ்ட் மட்டும் டென்டினுக்குப் பக்கத்தில் வருகிறது. அதிலும் இழையின் நீளவாக்கில் ஒரு குணகம், சாய்வாக அழுத்தினால் அதைவிடக் குறைந்த குணகம். மேல் முன்பல்லில் விழும் கடியோ பெரும்பாலும் சாய்வானது. இந்தக் கணக்கு முழுக்கச் சரி. ஆனால் அது இரண்டாவதாகப் போட வேண்டிய கணக்கு. ஈறுக்கு மேலே நல்ல டென்டின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் முதல் கணக்கு.

ஃபெரூலின் அழகு அங்கேதான் இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதைப்போல, க்ரவுனின் விளிம்பு வேரைச் சுற்றிப் பிடித்து, அது பிளக்காமல் காக்கிறது; இந்தப் பிடிப்புதான் ஃபெரூல். அதற்கு வேண்டியதெல்லாம் 2 மி.மீ. உயரமும் 1 மி.மீ. தடிமனுமுள்ள டென்டின்தான். சுற்றிலும் கிடைக்காவிட்டாலும், மேல் முன்பல்லில் அண்ணப் பக்கத்துச் சுவரையாவது விட்டுவைக்க வேண்டும். கடி பல்லை உதட்டுப் பக்கம் தள்ளும்போது இழுவையைத் தாங்குவது அந்தச் சுவர்தான். க்ரவுன் விளிம்புக்கு மேலே 1 மி.மீ. டென்டின் இருந்தாலே முறிவுத் தாங்குதிறன் கணிசமாக உயர்கிறது என்று சோரென்சனும் எங்கெல்மனும் 1990இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். அதே ஆண்டில்தான் பிரான்சின் துரே குழு கார்பன் இழை போஸ்ட்டை அறிமுகப்படுத்தியது. பேச்சு முழுவதும் பிந்தையதைச் சுற்றியே போனது பெரிய இழப்பு.

ஃபைபர் போஸ்ட்டின் ரசிகர்கள் காட்டும் சான்று வலுவானதுதான். ஃபெராரி குழு 2000இல் வெளியிட்ட, நான்கு ஆண்டுக்கால முடிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வில், கார்பன் இழை போஸ்ட்டுக்கு 95 சதவீத வெற்றி, உலோகத்தில் வார்த்த காஸ்ட் போஸ்ட்டுக்கு 84. உலோகப் பிரிவில்தான் வேர் முறிவுகள் வந்தன. வேர் நெடுக்கில் பிளந்தால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஃபைபர் போஸ்ட் பெரும்பாலும் ஒட்டு விட்டுக் கழன்று வருகிறது, அதைத் திரும்ப ஒட்டலாம். தோற்கும்போதும் பல்லைக் காப்பாற்றும் இந்தக் குணத்துக்காகவே அதை மதிக்க வேண்டும். ஆனால் 2014இல் சார்கிஸ்-ஓனோஃப்ரே குழு, ஈறுக்கு மேல் சுவரே மிஞ்சாத பற்களைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து மூன்றாண்டு வரை கவனித்தபோது, கண்ணாடி இழைக்கும் காஸ்ட் போஸ்ட்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. குணகப் பொருத்தம் மட்டுமே தீர்ப்புச் சொல்லியிருந்தால் அங்கே ஃபைபர் தெளிவாக முந்தியிருக்க வேண்டும். முந்தாததற்குக் காரணங்களை ஊகிக்க முடிகிறது. ஒட்டு நின்றால்தான் அந்தப் பொருத்தத்துக்குப் பயன். வேருக்குள் இருக்கும் கேனாலின் ஆழத்தில் வெளிச்சம் எட்டாது, யூஜினால் கலந்த சீலரின் மிச்சமும் கழுவிய ஹைப்போகுளோரைட்டும் ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். ஃபெரூல் இல்லாத பல்லில் வளையும் போஸ்ட்டுடன், க்ரவுனைத் தாங்கும் கோரும் அசையும். சிமென்ட் விரிசலில் எச்சில் இறங்கி, வெளியே தெரியாமலே சொத்தை வளரும்.

இதனால்தான் காஸ்ட் போஸ்ட்டைப் பழசு என்று ஒதுக்குவது நியாயமில்லை. முட்டை வடிவக் கேனாலிலும், முன்பே அகலமாகக் குடைந்துவிட்ட கேனாலிலும் உருண்டையான ரெடிமேட் போஸ்ட்டைச் செருகினால் சுற்றிலும் சிமென்ட்தான் நிற்கும். பேட்டர்ன் ரெசின் அந்தக் கேனாலின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வரும். லேப் டெக்னீஷியன் அதை வெப்பம் தாங்கும் அச்சு மாவில் புதைத்து, எரித்து, உலோகம் வார்த்து, வார்ப்பின் மேல் நிற்கும் குமிழ் முத்துகளை லூப் வழியே தேடி ஒவ்வொன்றாகத் தேய்த்தெடுக்கிறார். ஒரு முத்து தப்பினாலும் போஸ்ட் முழுசாக உட்காராது. தட்டி இறக்கினால் அது வேரைப் பிளக்கும் ஆப்பாகிவிடும். காஸ்ட் போஸ்ட்டின் பேரில் எழுதப்படும் முறிவுகளில் ஒரு பங்கு உலோகத்தின் குற்றமல்ல, பொறுமையின்மையின் குற்றம் என்றே கருதுகிறேன். ஜிர்கோனியாவுக்கு இந்தச் சலுகையைத் தர முடியாது: விறைப்பும் அதிகம், மறுசிகிச்சைக்குக் கழற்றுவதும் ஏறக்குறைய முடியாத காரியம்.

இப்போதைய குறை இன்னும் அடிப்படையானது. கேனாலுக்கு ஏற்ற போஸ்ட்டைத் தேடாமல், கிட்டில் உள்ள டிரில்லுக்கு ஏற்றபடி கேனாலைக் குடைகிறார்கள். அடியில் கேனாலை அடைக்கும் கட்டா பெர்ச்சா 4–5 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் பாதிகூட மிஞ்சுவதில்லை. போஸ்ட் பல்லை வலுப்படுத்தும் என்ற நம்பிக்கை இதற்குத் துணைபோகிறது. போஸ்ட்டின் வேலை கோரைப் பிடிப்பது மட்டுமே; பல்ப் அறையே கோரைப் பிடித்துக்கொள்ளும் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் போஸ்ட்டே வேண்டாம்.

ஷிஃப்டில் உழைப்பவருக்கு ஒரே வருகையில் முடிகிற ஃபைபர்தான் நடைமுறை என்பார்கள். ஃபெரூல் இருக்கிற பல்லுக்கு முழுக்க உண்மை. அங்கே நானும் ஃபைபரையே சொல்வேன். ஃபெரூல் இல்லாத பல்லில் மிச்சமான அந்த ஒரு வருகை, பல்லே போகும்போது பல வருகைகளாகத் திரும்பும். ஈறைச் சற்று இறக்கியோ, வேரை மெல்ல மேலே இழுத்தோ 2 மி.மீ. தேடித் தருவது நேரமும் பணமும் பிடிக்கிற வேலைதான். அதற்கும் வழியில்லாத பல்லுக்கு எந்த போஸ்ட்டும் நீண்ட ஆயுள் தராது என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேட்லாக்கைப் புரட்டுவதற்கு முன் புரோபை வைத்து அளப்பதுதான் போஸ்ட் தேர்வின் முதல் படி.