ஆலை வாயிலில் நிற்கும் படக்கருவி

பூம்பாறைக்குச் செல்லும் மலைச்சாலையில் வண்டியை நிறுத்தி, கீழே தெரியும் படிக்கட்டு வயல்களைப் படம்பிடிப்போர் பலர். அப்படங்களில் பூண்டு வயலில் குனிந்திருப்பவர் ஒரு புள்ளியாகவே தெரிவார். ஆலைத் தொழிலாளரைக் காட்டும் ஆவணப்படங்களை நோக்குகையில் அந்தப் புள்ளியே நம் நினைவுக்கு வருகிறது.

1895இல் லூமியேர் சகோதரர் எடுத்த முதற்படங்களுள் ஒன்று, லியோன் நகரில் தம் ஆலையைவிட்டுத் தொழிலாளர் வெளியேறும் காட்சி. ஒரு நிமிடமும் ஓடாத அப்படம், உள்ளே நடந்த வேலையைக் காட்டவில்லை. எடுத்தவரே முதலாளி அன்றோ! சலம் பென்னூர்க்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990), சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழைத்த சிறாரை நம் முன்னே நிறுத்திற்று. பிஞ்சு விரல்கள் குச்சி அடுக்குவதைக் கண் காணும். அக்கொடுமைக்குக் கண்ணே சான்று.

கொடைக்கானலிலோ கண்ணால் பயனில்லை. 1980களில் பாண்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமான வெப்பமானி ஆலையில் அஞ்சத்தக்கது பாதரச ஆவி. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூச்சுவழிப் புகுந்து நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்குவது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையொன்றில் வெளிப்பட்ட 2001இலேயே ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் நோய்களுக்கு ஆலை காரணமன்று என்றே நிறுவனம் கூறிவந்தது. பிறகு வந்த படக்கருவிகளுக்கு எஞ்சியவை பூட்டிய வாயிலும், முன்னாள் தொழிலாளரின் சொற்களுமே.

2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ என்னும் பாடற்படம் உலகெங்கும் பரவிற்று. மறு ஆண்டு மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர் தொடர்பாக உடன்பாடு கையெழுத்தாயிற்று. பாடலின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒலிப்பது பாடகியின் குரல். மெட்டோ அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜுடையது. (நம் செவிக்கு அது சற்றுக் கடுமை, வயதின் குற்றமாகவும் இருக்கலாம்.) உலகம் கேட்டது வழக்கை, வேலையை அன்று.

அரபியில் ‘ஷஹித’ என்னும் வினைக்கு ‘உடனிருந்தான்’ என்றும் ‘சாட்சி கூறினான்’ என்றும் இரு பொருளுண்டு. கொடைக்கானல் ஆலையுள் உடனிருந்தவர் தொழிலாளர் மட்டுமே. அவர் இரண்டு வாக்கியம் பேசியதும் மலைமேல் தவழும் மூடுபனிக்குத் திரும்பும் படம், சாட்சியைப் பாதியில் இறக்கிவிடுகிறது. எந்த மேசையில் அமர்ந்தார், குழாயில் பாதரசம் நிரப்பியவர் யார், உடைந்ததை எதனால் கூட்டினார், அதே உடையுடன் வீடு திரும்பினாரா என்பதையெல்லாம் அவர் சொல்லி முடிக்கும்வரை படக்கருவி அவர் முகத்தைவிட்டு அகலாதிருக்க வேண்டும்.