யந்திரத்தின் செவியும் தோட்டத்துப் பேச்சும்

பேசினால் எழுதித் தரும் யந்திரம் தமிழுக்கும் வந்துவிட்டது. 2017-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தன் குரல்வழி எழுத்து வசதியில் தமிழையும் சேர்த்துக்கொண்டது. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்க்கும், பார்வை குன்றியவர்க்கும், கை தளர்ந்தவர்க்கும் இத்தகைய கருவிகள் பெருந்துணையாகும் என்று சொல்லப்படுகிறது. அது பொய்யன்று. ஆயினும் ஒரு நாவலை மதிப்பிடும்போது அதில் யார் பேசுகிறார்கள், யார் ஊமையாக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நோக்குகிறோம். இக்கருவி எழுதும் உரையையும் அவ்வாறே நோக்குவது விமரிசனத்தின் கடமை என்று கருதுகிறோம்.

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வழியில் ஒரு தோட்டத்து லயம். அங்கே கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியின் முறைப்பாட்டை அண்மையில் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டு எழுத முயன்றோம். எந்த நிறுவனத்தின் கருவி என்பது இங்கே முக்கியமன்று. அவர் சொன்னது இது: "பெரட்டுக்கு நேரத்துக்குத்தான் போனேன். புள்ளக்காம்பராவுக்குப் போயிட்டு வந்ததுக்கு அரைப்பேரு போட்டுட்டாங்க."

திரையில் வந்தது இது: "புரட்டுக்கு நேரத்துக்குத்தான் போனேன். பிள்ளை கேமராவுக்கு போயிட்டு வந்ததுக்கு அரை பெயர் போட்டுட்டாங்க."

பிரட்டு என்பது காலையில் ஆட்களைத் திரட்டி வேலை பகிர்ந்து கொடுக்கும் களம். யந்திரம் அதைப் புரட்டாக்கிற்று. பிள்ளைக்காம்பரா தாய்மார் வேலைக்குப் போகுமுன் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம், அது கேமராவாயிற்று. பேர் என்பது ஒரு நாள் உழைப்பின் பதிவு; அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். ஒரு குடும்பத்தின் சோற்றைப் பற்றிய அச்சொல், பொருளற்ற இரு சொற்களாகச் சிதைந்தது. வேடிக்கை என்று சிரித்துவிடலாம். ஆனால் அந்தத் தாய் சிரிக்கவில்லை. "எனக்குத்தான் ஒழுங்காப் பேசத் தெரியல சேர்" என்றார். யந்திரத்தின் குறை அவருடைய வெட்கமாக மாறியது.

எமது வகுப்பில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருக்கிறான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே அவனுக்குச் சற்று அவகாசம் வேண்டும். யந்திரமோ அந்த மௌனத்தைப் பேச்சின் முடிவு என்று கொண்டு காதை மூடிக்கொள்கிறது. இரண்டு நொடி காத்திருக்கும் பொறுமையை அதற்கு யாரும் கற்பிக்கவில்லை.

இது ஏன் நிகழ்கிறது? யந்திரம் ஒலியை மட்டும் கேட்பதில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகிக்கவும் செய்கிறது. அந்த ஊகம் அதற்குப் புகட்டப்பட்ட குரல்களிலிருந்தும் உரைகளிலிருந்தும் பிறப்பது. செய்தி வாசிப்பவர் குரலும் நகரத்தார் எழுத்தும் மலிந்த களஞ்சியத்தில் பிரட்டும் அரைப்பேரும் எங்கிருந்து வரும்? அமெரிக்காவிலும் இதே கதைதான். ஐந்து பெரு நிறுவனங்களின் கருவிகளை ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 பிழைகளும் கறுப்பினத்தவர் பேச்சில் 35 பிழைகளும் நேர்ந்ததைக் கண்டது. தமிழ்நாட்டு முதியோர், திருநங்கையர் ஆகியோரின் இயல்பான பேச்சைத் திரட்டி 2022-இல் ஆய்வாளர்களிடையே ஒரு போட்டி நடத்தப்பட்டது. அதில் முதலிடம் பெற்ற முயற்சியிலும் பத்துச் சொல்லுக்கு ஏறத்தாழ நான்கு பிழைகள் இருந்தன. எமது நாட்டில் மொரட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வங்கிக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் முறையை ஆராய்ந்தபோது, சிங்களத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகளும் தமிழில் சில நூறு பதிவுகளுமே இருந்தன. அவர்கள் முயற்சி பாராட்டுக்குரியது. எமது வறுமையின் அளவை அது காட்டுகிறது.

இலக்கிய வாசகர்க்கு இது பழைய வழக்கு. 1960-களின் தொடக்கத்தில், உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் கொண்டுவந்த முற்போக்கு எழுத்தாளரின் படைப்பை 'இழிசனர் இலக்கியம்' என்று பண்டிதர் சிலர் ஒதுக்கினர். கைலாசபதியும் சிவத்தம்பியும் டானியலும் டொமினிக் ஜீவாவும் அந்தப் போரில் மக்கள் பேச்சின் பக்கம் நின்றனர். இன்று அதே தீர்ப்பைப் பண்டிதருக்குப் பதில் யந்திரம் வழங்குகிறது. பண்டிதரோடு வாதாட முடிந்தது. இதனோடு யார் வாதாடுவது?

ஆனால் குற்றம் முழுவதையும் யந்திரத்தின் மீது சுமத்துவது எமக்கு எளிது, நேர்மையாகாது. மாணவர் கட்டுரையில் பிரட்டு என்று கண்டதும் சிவப்பு மையால் வட்டமிட்டவர்கள் ஆசிரியராகிய நாமல்லவா? வட்டமிட்ட சொற்கள் அச்சேறவில்லை. அச்சேறாதவற்றை யந்திரம் கற்கவில்லை. பொதுத்தமிழைக் கற்பிப்பது எமது தொழில்தான். அதற்காக வீட்டுத் தமிழைப் பிழையென்று சொல்ல வேண்டியதில்லை என்பதை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம்.

ஆதலின் யந்திரம் வேண்டாம் என்பது எமது முடிவன்று. அது தோட்டத்துத் தாயையும் திக்கும் மாணவனையும் கேட்கப் பழகவேண்டும் என்பதே முடிவு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டந்தோறும் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் தம் பாட்டிமாரின் பேச்சைப் பதிந்து, சொல்லுக்குச் சொல் எழுதிப் பொருளும் சேர்க்கலாம். பேசியவர் சம்மதத்தோடு அது நடக்கவேண்டும். அப்பதிவு பொதுச்சொத்தாக இருக்கவேண்டும். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு விலையை வேறிடத்தில் தீர்மானிக்க விட்ட மக்கள், தம் குரலையும் அவ்வாறு கொடுத்துவிடலாகாது.

அந்த முறைப்பாட்டை முடிவில் நாம் கையால் எழுதிக் கொடுத்தோம். 'அரைப்பேர்' என்ற சொல்லை மாற்றவில்லை. வாசித்துக் காட்டியபோது, "ஆமா சேர், நான் சொன்னது இதுதான்" என்றார் அந்தத் தாய்.