ஆமணக்குச் செடி வரை போகிறதா?

குழந்தைகளுக்கான பைபிள் கதைப் புத்தகம் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் புரட்டுவது யோனாவைத்தான். அட்டையையும் அதன் மேல் அச்சடித்திருக்கும் வயதுக் கணக்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யோனாவின் கதையை எந்த இடத்தில் முடித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பல புத்தகங்களில் மீன் அவனைக் கரையில் கக்கியதோடு கதை சரி. வேறு சிலவற்றில் நினிவே ஊரார் மனம் திரும்பியதும் எல்லாரும் சிரித்துக் கையசைக்க, படம் முடிந்துவிடும். வேதாகமத்தில் யோனாவின் புத்தகம் மொத்தமே 4 அதிகாரம், 48 வசனம். அதில் நாலாவது அதிகாரம்தான் கதையின் உயிர். எதிரி ஊர் பிழைத்துப்போன ஆத்திரத்தில் யோனா நகரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்திருக்கிறான். அவன் தலைக்கு நிழலாக ஓர் ஆமணக்குச் செடி முளைக்கிறது. மறுநாள் விடியற்காலையில் ஒரு புழு அதை அரித்துவிடுகிறது. வெயில் கொளுத்த, செடிக்காக அவன் வருந்துகிறான். அப்போது கடவுள் அவனிடம் ஒரு கேள்வி கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதியிருக்கவில்லை.

இதை எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பேரனுக்கு ஆச்சி முழுக்க வாசித்துக் காட்டினாள்.

"அப்புறம் ஆச்சி?"

"அவ்வளவுதான் ராசா, முடிஞ்சிட்டு."

"யோனா ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் போடல."

"அப்ப அவன் இன்னும் அங்கனதான் உக்காந்திருக்கானா?"

இந்தக் கேள்வியைக் குழந்தையின் வாயிலிருந்து வரவழைக்கிற புத்தகத்தை வாங்கலாம். 'ஆகவே தம்பி தங்கைகளே, பெற்றோர் சொல் கேட்டு நடங்கள்' என்று முடிக்கிற புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடலாம். கெட்ட குமாரன் கதையையும் இப்படிச் சோதிக்கலாம். அப்பா ஓடிவந்து இளையவனைக் கட்டிக்கொண்டதோடு முடித்திருந்தால் பாதிக் கதை போயிற்று. மூத்தவன் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வெளியே நிற்கிறானே, அவனை அப்பா வருந்தி அழைக்கிறாரே, அவன் உள்ளே போனானா? லூக்காவும் சொல்லவில்லை. அண்ணன் தம்பி உள்ள வீட்டில் அந்த மூத்தவனுக்கு உடனே ஓர் ஆள் கிடைத்துவிடுவான்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் புத்தகங்களை ரசிப்பது சுலபம். பெயரில் பைபிள் என்று இருந்தாலும் இவை பைபிள் அல்ல; யாரோ ஒருவர் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்து திரும்பச் சொன்ன கதைகள். இந்த வேலை பழையது. ஜெர்மனியில் யோகான் ஹியூப்னர் என்ற ஆசிரியர் 1714இல் பழைய ஏற்பாட்டிலிருந்து 52, புதிய ஏற்பாட்டிலிருந்து 52 என்று கதைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் கேள்விகளும் படிப்பினைகளும் சேர்த்து வெளியிட்டார். அதே 1714இல்தான் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் சுவிசேஷங்களை அச்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஹியூப்னருக்குப் பின் வந்தவர்கள் தங்கள் காலத்துக்குக் கூச்சம் தந்தவற்றை வெட்டினார்கள், பிடித்தவற்றை நீட்டினார்கள். நோவா திராட்சரசம் குடித்து வெறித்துக் கிடந்தது சில காலம் பாடமாக இருந்தது, பிறகு காணாமல் போனது. ரூத் பாட்டிக்ஹைமர் என்ற ஆய்வாளர் இந்த வெட்டுகளையும் ஒட்டுகளையும் தொடர்ந்து போய் 1996இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

படத்தைப் படிக்கவும் பழக வேண்டும். நோவாவின் பக்கத்தைத் திறவுங்கள். சுக்கானைப் பிடித்துக்கொண்டு மாலுமிபோல நோவா நின்றால், ஓவியர் ஆதியாகமத்தைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே பாயும் இல்லை, சுக்கானும் இல்லை. 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம், மூன்று அடுக்கு, பக்கத்தில் ஒரு கதவு. ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான். இந்த இடத்தில் நம் தமிழ் வேதாகமம் அழகாகப் 'பேழை' என்கிறது. எபிரெயத்தில் இதே சொல்லைத்தான் குழந்தை மோசேயை ஆற்றோரத்தில் வைத்த நாணற்பெட்டிக்கும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் தண்ணீரில் மிதக்கும் பெட்டிகள், இரண்டையும் உள்ளிருப்பவர் ஓட்ட முடியாது. கதைப் புத்தகம் 'கப்பல்' என்று எழுதியிருந்தால் வாசிக்கும்போது நீங்கள் 'பேழை' என்று மாற்றிச் சொல்லுங்கள். பிள்ளையின் கை முழத்தால் கூடத்தை அளந்து காட்டினால் ஒரு ஞாயிறு மதியம் போவதே தெரியாது.

ஏதேனில் ஆப்பிள், மாட்டுத் தொழுவத்தில் சரியாக மூன்று ஞானிகள் என்று வரைந்திருந்தால் நான் சண்டை போடமாட்டேன். ஆதியாகமம் வெறும் கனி என்கிறது, மத்தேயு ஞானிகளை எண்ணவில்லை, அவர்கள் போனதும் ஒரு வீட்டுக்குள்தான். பத்து வயதுப் பிள்ளையிடம் பைபிளைக் கொடுத்து, படத்தில் உள்ள தப்பைக் கண்டுபிடி என்றால் துப்பறியும் கதைபோல மூழ்கிவிடும். இயேசுவின் நீலக் கண்ணும் பொன்னிறத் தலைமுடியும்தான் எனக்கு உறுத்தும். அதற்கு மாற்றாக, கோவா ஓவியர் ஆஞ்சலோ ட ஃபொன்சேகா சேலை கட்டி வரைந்த மரியாளை ஒருநாள் பிள்ளைக்குக் காட்டுங்கள். டெஸ்மண்ட் டூட்டு 2010இல் கொண்டுவந்த கதைப் பைபிளில் பல நாட்டு ஓவியர்கள் வரைந்திருப்பதால் முகங்கள் பக்கத்துக்குப் பக்கம் மாறுகின்றன. குழந்தைகள் அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை, பெரியவர்கள்தான் கேட்கிறார்கள்.

இனி வயது. மூன்று வயது வரை கெட்டி அட்டைப் புத்தகம் போதும். கடிக்கும், நனைக்கும், தலைகீழாகப் பிடிக்கும். பக்கத்துக்கு ஒரு வரி, ஒரு முகம், ஒரு மிருகம். இதற்கு விலை கொடுத்து மெனக்கெட வேண்டாம்.

நாலு முதல் ஏழு வரைதான் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய காலம், ஏனென்றால் அதே புத்தகத்தை நூறு தடவை வாசிக்கப்போவது நீங்கள். ஆங்கிலத்தில் சாலி லாயிட் ஜோன்ஸ் 2007இல் எழுதிய 'ஜீசஸ் ஸ்டோரிபுக் பைபிள்' வாய்விட்டு வாசிக்கவென்றே செய்த நடை. ஜாகோவின் படங்களும் நன்று. பழைய ஏற்பாட்டின் ஒவ்வொரு கதையையும் இயேசுவை நோக்கித் திருப்புவது அதன் பலம். சில நாள் ஆபிரகாம் ஆபிரகாமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றும் எனக்குத் தோன்றியதுண்டு. தமிழில் வாங்குவதானால் கடையிலேயே ஒரு பக்கத்தை முணுமுணுத்துப் பாருங்கள். 'நோவாவினால் பேழை கட்டப்பட்டது' என்று நாக்கு இடறினால் அது ஆங்கிலத்திலிருந்து அவசரமாக இறக்கிய சரக்கு. அப்படியானால் ஆங்கிலப் புத்தகத்தின் படத்தைக் காட்டி, கதையை நீங்களே உங்கள் ஊர்த் தமிழில் சொல்வது மேல். குருத்தோலை ஞாயிறிலிருந்து நேரே ஈஸ்டருக்குத் தாவுகிற புத்தகத்தையும் தவிர்க்கலாம். இரத்தம் வேண்டாம், ஆனால் சிலுவை வேண்டும். செத்தவர் எழுந்தார் என்பது, செத்தார் என்று சொன்னால்தானே புரியும்.

எட்டு வயதானால் பையன்கள் கோலியாத்தின் தலைக்காகக் காத்திருப்பார்கள். ஒளிக்க வேண்டாம், அது வேதாகமத்திலேயே இருக்கிறது. காமிக்ஸ் பிரியர்களுக்கு, மார்வெலுக்கும் டிசிக்கும் வரைந்த செர்ஜியோ கரியெல்லோவின் 'ஆக்‌ஷன் பைபிள்' உண்டு. அதில் கதைகள் வரிசையாக வருவதால் யோசேப்புக்குப் பின் மோசே, மோசேக்குப் பின் யோசுவா என்ற சங்கிலி பிடிபடும். சண்டை தூக்கலாக, சங்கீதம் மெலிவாகத்தான் இருக்கும். அந்தக் குறையைக் குடும்ப ஜெபத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் கதைப் புத்தகத்தை விட்டு முழு வேதாகமம்தான். எந்த மொழிபெயர்ப்பு என்பதில்தான் வீட்டில் வழக்கு வரும். அமெரிக்காவில் கென்னத் டெய்லர் என்பவருக்குப் பத்துப் பிள்ளைகள். குடும்ப ஜெபத்தில் பவுலின் நிருபங்கள் அவர்களுக்கு விளங்கவில்லை. வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்தே அவற்றை எளிய ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். அது வளர்ந்து 1971இல் 'லிவிங் பைபிள்' ஆயிற்று. நம்மிடம் சீர்திருத்த சபையார் கையில் ஹென்றி பவர் குழுவின் 1871 மொழிபெயர்ப்பும், கத்தோலிக்க வீடுகளில் 1995இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆபிரகாம் புறப்படும் இடத்தைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பழையதில் அவன் போனான், புதியதில் அவர் சென்றார். ஆங்கிலப் பைபிளில் இந்த வித்தியாசத்துக்கு இடமே இல்லை. எது பிடித்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், சாப்பாடு ஆறிப்போகும் வரை பேச்சு ஓடும்.

என் கட்சி இது: வாசிக்கப் புதியது, மனப்பாட வசனத்துக்குப் பழையது. ஆச்சி சொல்லும் இருபத்துமூன்றாம் சங்கீதமும் பேரன் சொல்லும் இருபத்துமூன்றாம் சங்கீதமும் ஒரே சொற்களில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டிய நாள் வரும்.

பரிசுக்கென்று ஜிப் வைத்த வெள்ளை உறைப் பைபிள் வாங்காதீர்கள். அழுக்காகிவிடும் என்று பீரோவுக்குள் போய்விடும். எழுத்து பெரிதாக, கடைசியில் வரைபடத்தோடு, பென்சிலால் கோடு போட்டால் மறுபக்கம் தெரியாத தாளாகப் பார்த்து வாங்குங்கள். முதல் பக்கத்தில் தேதியும் கொடுத்தவர் பெயரும் எழுதுங்கள். எங்கள் பேரன் தன்னுடையதில் இரண்டுக்கும் கீழே ஒரு செடியை வரைந்து வைத்திருக்கிறான். ஐந்து விரல்போல இலை. அதன் அடியில் ஆள் இல்லை.

"எழும்பி வீட்டுக்குப் போயிட்டான்" என்றான், கேட்டதற்கு.