உரத்த குரலின் நியாயம்

ஒகேனக்கல்லில் பரிசலோட்டிகள் உரத்தே பேசுவர். அருவியின் முழக்கத்தில் மெல்லிய சொல் கேளாது. ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் பாடல்களும் நமக்கு இவ்வுண்மையையே உணர்த்துகின்றன. இயக்குநர் பா. ரஞ்சித், இசையமைப்பாளர் டென்மா ஆகியோரின் முயற்சியால் உருவாகி, 2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய இக்குழு, திரையிசையைச் சாராது தனித்து நிற்பது. வடசென்னையின் பழைய கானாவும் பறையும் இங்கே ராக் கிதாரோடு கைகோக்கின்றன. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தே பெயருக்கு மூலம்.

சிற்சில இடங்களில் கிதாரின் ஒலி சொல்லை மூழ்கடிப்பது குறையே. ஆயினும் ‘இரைச்சல்’ என்று ஒதுக்குதல் முறையன்று. நீதியில்லா மக்களின் இன்னிசையை இறைவன் ஏற்பதில்லை என்று முழங்கியவர் இறைவாக்கினர் ஆமோஸ். கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவரைக் கண்ட திருச்சபை நாம். இளையோர் கேட்கும் இப்பாடல்களுக்கு நாமும் செவிசாய்ப்போம். மனமாற்றத்திற்கான அழைப்பு ஆலயத்திற்கு வெளியிலிருந்தும் வரக்கூடும்.