வீணையின் பிரடையும் கிடார் கீயும்

சரஸ்வதி வீணையின் மரப் பிரடைகளை அகற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் கிடாருக்குரிய உலோகத் திருகுகளைப் பொருத்தும் வழக்கம் மயிலாப்பூர், அடையாறு வட்டாரங்களில் வீணை பயில்வோருக்குப் புதிதன்று. பிரடை என்பது தந்தியைச் சுற்றி இறுக்கும், முனை நோக்கிச் சற்றே கூம்பிய மர முளை. துளைச் சுவரோடு அது கொள்ளும் உராய்வு ஒன்றே தந்தியின் இழுவிசையைத் தாங்குகிறது. ‘கிடார் கீ’ எனப்படும் திருகிலோ மரையிட்ட சிறு தண்டு ஒரு பல்சக்கரத்தைத் தள்ளுவதால், பிடியைப் பொதுவாக 14 முதல் 18 முறை சுழற்றினால்தான் தந்தி சுற்றிய உருளை ஒரு சுற்றை முடிக்கும். தந்தி எவ்வளவு இழுத்தாலும் அது பின்னோக்கித் திரும்பாது.

மார்கழிக் கச்சேரிகளுக்கு வீணையைக் கொண்டுசெல்வோர் இந்த உறுதியை விரும்புவதில் வியப்பில்லை. கடற்காற்றின் ஈரத்தில் பருத்து இறுகும் பிரடை, குளிரூட்டிய அரங்கின் வறட்சியில் சுருங்கி நழுவுகிறது. வெளிநாட்டுக் குளிர்காலத்தில் இந்தத் தொல்லை இன்னும் கூடும். தந்தியை அழுத்தும் கட்டையாகிய மெட்டு ஒன்றிலேயே அதைப் பக்கவாட்டில் இழுத்துப் பல சுரங்களைத் தொடும் கமக வாசிப்பு, தளர்ந்த பிரடையை நடுக்கச்சேரியில் நழுவ வைக்கும். சிறுவருக்கும் விரல்வலி உள்ள முதியோருக்கும் திருகு ஒரு விடுதலை என்றே கூறலாம்.

ஆயினும் சுருதி விலகலுக்கெல்லாம் பிரடையே காரணம் என்ற கணிப்பு பாதிதான் சரி. வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகு கலந்த கரிய படுகையின்மேல் பதிக்கப்பட்டவை. வெப்பத்தில் அது இளகி மெட்டு இடம்பெயர்ந்தால் எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது. குடத்தின் பக்கம் தந்திகளை நாகபாசம் எனப்படும் பிடிப்போடு இணைக்கும் லங்கர்களில் முடிச்சு தளர்ந்தாலும் அப்படியே. நுண்ணிய சுருதி திருத்தத்துக்கு அந்த லங்கர்களின் வளையங்களே முன்பிருந்து பயன்பட்டுவருகின்றன என்பதால், திருகின் நுட்பம் ஓரளவு மிகையானதும்கூட. நழுவும் பிரடைகளில் பல, முளையின் கூம்பும் துளையின் கூம்பும் பொருந்தாமல் செய்யப்பட்டவை. இழைத்துப் பொருத்தினால் அவை நன்றாகவே நிற்கும். இழைக்கத் தெரிந்த கைகள் அருகில் இல்லை என்பதே உண்மையான குறை. திருகு அந்தக் குறையை மறைக்கிறது.

மரத்துக்கு நேரும் சேதம் இதனினும் கவலைக்குரியது. திருகுக்காகத் துளையை மாற்றி அதில் பித்தளைக் குழலைச் செருக வேண்டும். திருகின் தகட்டை நிறுத்தச் சிறு ஆணிகளையும் முறுக்க வேண்டும். பலாமரம் ஈரத்தால் விரிந்து சுருங்கும், பித்தளை அவ்வாறு அசையாது என்பதால், ஆண்டுகள் செல்லச் செல்லக் குழல் ஆட்டம் காணும். தாளத் தந்திகளின் மூன்று பிரடைகள், உள்ளே குடைந்த கழுத்தான தண்டியின் பக்கச் சுவரில் அமைந்தவை. அங்கு ஆணிக்குக் கிடைக்கும் மரம் மிகக் குறைவு. யாளிமுகம் செதுக்கிய தலைப்பக்கம் கூடும் எடை, சுரைக்காயை இடத்தொடையில் தாங்கி வாசிப்பவரின் சமநிலையையும் மாற்றுகிறது. தனித்தனிப் பகுதிகளை இணைத்த ஒட்டு வீணையில் பழுதான பகுதியை மாற்றிவிடலாம். குடம் முதல் யாளி வரை ஒரே மரத்தில் கடைந்த ஏகாந்த வீணையில் அந்த வாய்ப்பு இல்லை. ஒரு காலத்தில் பெரிதும் வசைபாடப்பட்ட காண்டாக்ட் மைக், பலகைமேல் ஒட்டப்படுவதால், வேண்டாதபோது தடமின்றி எடுக்கத்தக்கது. அந்த வகையில் அது திருகைவிட நாகரிகமானது.

எனவே திருகுக்கென்றே தடித்த சுவரோடு செய்யப்படும் புதிய வீணையையும், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் மரபில் முன்பே கடைந்த பழைய வீணையையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட இயலாது. முன்னதில் திருகு ஒரு வடிவமைப்புத் தேர்வு. பின்னதில் அது மீட்க முடியாத வெட்டு. வயலின் உலகம் இதற்கு இடைவழி ஒன்றைக் கண்டுள்ளது: பல்சக்கரத்தை உள்ளே மறைத்த, மர முளை போன்றே தோன்றும் பிரடையை ஆணி ஏதுமின்றிப் பழைய துளைக்குள்ளேயே நிறுத்துகிறார்கள், அவற்றுள் சிலவற்றின் புறத்தே உள்ள நுண்மரை மரத்தைக் கவ்விக்கொள்ளும். வீணைப் பிரடை அதைவிடப் பருமனானது, துளையின் அளவும் கைவினைஞருக்குக் கைவினைஞர் மாறுவது என்பதால், வயலினுக்கானதை அப்படியே எடுத்துச் செருக முடியாது. பிரடைத் துளைகளுக்கு ஒரு பொது அளவு வகுக்கப்பட்ட பின்னரே அத்தகைய பிரடையை வீணைக்கெனச் செய்வது கட்டுப்படியாகும்.