கூலியும் கூலியாளும்

'கூலி' என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி அகராதி வகுத்தோர் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வந்திலர். 1886 இல் யூல், பர்னெல் ஆகியோர் வெளியிட்ட 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி, மேற்கிந்தியாவில் வாழும் கோலி என்னும் மக்களின் பெயரிலிருந்தே ஆங்கில வழக்குப் பிறந்ததெனக் கருதுகிறது. தமிழ்க் 'கூலி'யையும் அது குறிப்பிடத் தவறவில்லை. துருக்கி மொழியில் அடிமையைச் சுட்டும் 'குல்' என்பதோடு தொடர்பு காண்பாரும் உளர். இவற்றுள் எது மூலம் என்பது மொழிநூலார் வழக்கு. அச்சொல் எவர் வாயில் என்ன பொருள் பெற்றது என்பதே எழுத்தாளர் கருத வேண்டியது.

தமிழிற் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகப் பெறும் ஊதியம். முயற்சியால் வரும் பயனை வள்ளுவரும் 619 ஆம் குறளில் இச்சொல்லாலேயே குறித்தார். மலையாளத்திலும் கன்னடத்திலும் பொருள் இதுவே. சிங்களத்திற் 'குலிய' வாடகையையும் கூலியையும் சுட்டும். கூலிக்கு உழைப்பவனை நாம் கூலியாள் என்போம். அச்சொல்லில் ஊதியமும் உண்டு, ஆளும் உண்டு.

பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 இல் நடைமுறைக்கு வந்தது. அடிமைகளின் இடத்தை நிரப்ப, ஒப்பந்தத்தாற் கட்டுண்ட இந்தியர் மொரிசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேற்றப்பட்டனர். இலங்கைத் தோட்டங்களுக்குத் தென்னிந்திய உழைப்பாளரைக் கங்காணிமார் திரட்டி வந்தனர். சொல்லின் மூலம் எதுவாயினும், தமிழறிந்தோர் செவியில் நிகழ்ந்தது இதுவே: துரைமாரின் கணக்கேட்டில் 'ஆள்' மறைந்து, ஊதியத்தின் பெயரே மனிதனின் பெயராயிற்று. சீனர் அதே ஒலியை எழுதக் கசப்பையும் வலிமையையும் குறிக்கும் இரண்டு எழுத்துக்களைத் தெரிந்தனர். தென்னாபிரிக்காவில் அது இந்தியர் அனைவருக்கும் வசையாகி, சட்டம் கற்ற காந்தியையும் 'கூலி பாரிஸ்டர்' ஆக்கியது.

அந்நியர் வழங்கிய பொருளை நாமும் ஆராயாது ஏற்றதே வருந்தத்தக்கது. தோட்ட வரலாறு எழுதும் தமிழரும், ஆங்கில ஆவணங்களைப் பெயர்ப்போரும் 'கூலிகள் கொண்டுவரப்பட்டனர்' என்று கூசாமல் எழுதுகின்றனர். கொண்டுவரப்படுவது பண்டம், வந்தவர் மனிதர். 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. அவர்தம் மனிதத் தன்மையை எம் எழுத்தும் மறுக்கலாமா?

சொல்லையே விலக்குக என்பது எமது வாதமன்று. முல்க் ராஜ் ஆனந்த் 1936 இல் தம் நாவலுக்குக் 'கூலி' எனப் பெயரிட்டது, அப்பெயரைச் சூட்டிய சமுதாயத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவே. கதையில் வரும் துரையோ கணக்கப்பிள்ளையோ அவ்வாறு அழைத்தால், அது யதார்த்தம். ஆசிரியர் தம் கூற்றாகவே அவ்வாறு எழுதினால், அவரும் துரையின் பக்கத்தில் நிற்கிறார்.

நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா கேட்டுப் பல்லாண்டுகள் போராடிய தோட்டத் தொழிலாளருக்கு, 2021 இலேயே சம்பளச் சபை அதனை நிர்ணயித்தது. கூலி என்பது அவர்களின் பெயரன்று, அவர்களுக்குச் சேரவேண்டியது. இவ்வேறுபாட்டை எம் எழுத்திலேனும் முதலிற் காப்போம்.